தமிழ் டொக்டர்

இல்ல உம்மா, நான் கணக்கெடுக்க வந்த ஆள் இல்ல. வீட்டுத் திட்டத்துக்கும் வரல்ல. அந்த ஃபைல எடுக்காதீங்க, வைங்க. கையில பேக்கோட ஒரு பொம்பள வந்து எறங்கினா இங்க எல்லாரும் ஒஃபீஸ் ஆள்ன்னுதான் நெனைக்கிறாங்க போல. முன்னால கடையில, ஜபார் நானாவா அவர் பேரு, அவரும் எந்த ஒஃபீஸ் மிஸ்ன்னுதான் கேட்டார். சாரா உம்மா வீடு எதுன்னு கேட்டா, ஓ அந்த மனுசியான்னு ஒரு இழுவை. எனக்கு அந்த இழுவை கொஞ்சமும் பிடிக்கல்ல. அத மூஞ்சியிலயே காட்டிட்டேன். எனக்கு மூஞ்சியில எதையும் மறைக்கத் தெரியாது.

வடிவா பாருங்க. அன்னைக்கு ஒரு வெள்ளைக் கோட்டு, கழுத்துல குழாய், தலைய இழுத்துக் கட்டி, கண்ணு ரெண்டும் உள்ள போய். இப்ப தெரியுதா? நான் ஆஸ்பத்திரியில இருந்து வாறேன். டொக்டர் தயானி. ஏழு மாசத்துக்கு முன்ன உங்க மகள் பஸீனாவ நீங்க கொண்டுவந்தப்ப, வாட்டு வாசல்ல வச்சு கேள்வி கேட்டுக் கேட்டு எழுதினது நான்தான்.

ஓம். அந்தத் தமிழ் டொக்டர்தான்.

எழும்பாதீங்க உம்மா, இருங்க. ஐயோ, கதிரையத் துடைக்க வேணாம், என் உடுப்பு அத விட ஊத்தை. பாலாவியில பஸ் மாறி, அங்கருந்து ஆட்டோ. அந்த ஆட்டோக்காரர் ரோட்டுல நின்ன கழுதைக்கெல்லாம் மரியாதையா வழி விட்டு வழி விட்டு, நடந்து வந்திருந்தா முந்தி வந்திருப்பேன். பிளேன்டீயா? வேணாம்ன்னு சொன்னாலும் விடமாட்டீங்கன்னு தெரியும். சரி, போடுங்க. சீனி கூடப் போடுங்க, நாங்க தோட்டத்து ஆக்கள், தேத்தண்ணி இனிக்கணும்.

இல்ல, நான் யாழ்ப்பாணம் இல்ல. எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க, தமிழ் டொக்டர்ன்னா யாழ்ப்பாணம்ன்னு. நான் ஹட்டன் பக்கம். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறாங்க. லயத்துல இருந்து டொக்டருக்குப் படிச்ச முதல் புள்ள நான், எங்க தோட்டத்துல. பேராதனை கெம்பஸ்ல இருந்து பேர் வந்த அன்னைக்கு கோயில்ல மேளம் அடிச்சாங்கன்னா பாருங்க. இப்ப நெனைச்சா சிரிப்பு வருது. சிரிப்பா? இல்ல, என்னமோ வருது.

மெலிஞ்சு போயிட்டேனா? எல்லாம் அந்த வேலதான். படிச்சு முடிச்ச உடனே ஒரு வருசம் ஆஸ்பத்திரியில கிடந்து பழகணும். ஹவுஸ் ஒஃபிசர்ன்னு சொல்லுவாங்க. ஹவுஸும் இல்ல, ஒஃபிசரும் இல்ல, சும்மா மாடு. ஆறு மாசம் பிள்ளைப்பேறு வாட்டு, ஆறு மாசம் சின்னப் புள்ளைங்க வாட்டு. விடியக்காலம் அஞ்சு மணிக்கு இரத்தம் எடுக்கத் தொடங்குவேன். முப்பது கட்டில், அம்பத்தஞ்சு பேர். கட்டிலுக்கு ரெண்டு பேரா தலைமாடு கால்மாடா படுத்திருப்பாங்க, மிச்சம் பேர் பாயில. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிரும். ஏழு மணிக்கு வாட்டுக்குப் பொறுப்பான பெரிய சேர் ரவுண்ட் வருவார். அவர் வாயத் தொறந்தா நம்ம வாயி மூடும். பொறகு கிளினிக், தியேட்டர், லேபர் ரூம். மூணு மணிக்கு கெண்டீன்ல பாணும் சம்பலும். அதையும் முழுசாத் தின்ன விடமாட்டாங்க, பாதியில கோல் வரும். ஒரு நாள் வாய்க்குள்ள பாணோட போய் புள்ள எடுத்திருக்கேன் உம்மா, சத்தியமா.

சிரிக்கிறீங்க. நல்லம்.

எனக்குப் பயம் வந்தா வாய் ஓயாது. வாட்டுல எனக்கு ரேடியோன்னுதான் பட்டம். இப்பவும் பாருங்க, வந்ததுல இருந்து நானேதான் கதைச்சிக்கிட்டிருக்கேன். எனக்கு யாரப் பாத்துப் பயமா? உங்களப் பாத்துத்தான் உம்மா. வேற யார.

என்ன? என்ன சொன்னீங்க? இன்னொருக்காச் சொல்லுங்க. இல்ல உம்மா, இல்ல, நீங்க என்னத்துக்கு என்கிட்ட மாப்புக் கேக்குறீங்க? நீங்க சொல்லாம விட்டதால எங்களுக்குக் கரைச்சல் வந்துச்சாமா? யாரு அப்படிச் சொன்னது? மிட்வைஃப் மிஸ்ஸா? உங்க மருமகன் அக்ரமா? ரெண்டு பேருமா. சரி. தேத்தண்ணியக் கீழ வைங்க.

அக்ரம் என்ன சொன்னார், முழுசாச் சொல்லுங்க. ம். ம். வீட்டுல ரெண்டு தரம் ஃபிட்ஸ் வந்து கை கால் இழுத்ததக் கண்ணால கண்டுட்டு, டொக்டருக்கிட்ட வாயத் தொறந்து ஒரு சொல்லுச் சொல்லாம நின்னவன்னு. மாமியின்னும் பாக்காம, பஸீனா மௌத்தான துக்க வீட்டுல வச்சே. எல்லாருக்கும் முன்னால. பொறகு புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டார். எத்தனாவது நாள்? பதினோராவது நாள். அலீமான்னு பேர் வச்சிருக்காங்களா? நல்ல பேர். இப்ப எங்க இருக்காங்க, பள்ளிவாசல்துறையிலயா? ஓ, மன்னாருக்கே போயிட்டாங்களா. சண்டை முடிஞ்சு மூணு வருசமா எல்லாரும் தொண்ணூறுல வெரட்டினப்ப ஓடிவந்த ஊருக்கே திரும்பிப் போறாங்கதான். நீங்க போகல்லயா? போய் யார் வீட்டு வாசல்ல நிக்கிறதுன்னு கேக்குறீங்களா? ஓம், அதுவும் சரிதான்.

புள்ளைய ஒருக்காக் கூடக் காட்டல்லயா? பஸ் ஏறிப் போயுமா? மூணு தரம் போனீங்களா. கேட் வரைக்கும். அவ கையில புள்ளையக் குடுத்தா அதையும் மௌத்தாக்கிப் போடுவான்னு சொன்னாங்களா? யாரு, அக்ரமோட உம்மாவா? சீ. வாய் அழுகாதா இவங்களுக்கு. மன்னிச்சுக்கோங்க, எனக்குக் கோவம் வந்தா தோட்டத்து வாய் வந்துரும்.

நான் தூக்கினேன் உம்மா, அந்தப் புள்ளைய. உங்களுக்குச் சொல்லல்லத்தானே யாரும். தியேட்டர்ல வெளிய எடுத்த உடனே என் கையிலதான் தந்தாங்க. ஒரு கிலோ எண்ணூறு. மூச்சு விட்டுச்சு, கத்திச்சு, என்ன கத்து, தியேட்டர் அற்றெண்டன் காதப் பொத்திக்கிட்டார். பஸீனாவோட நெத்திதான். முடியும் அப்படியே, சுருட்டை.

அழுங்க. அழுறத நிப்பாட்ட வேணாம்.

வாங்கு சொல்றாங்க போல. அஸரா? நீங்க போய்த் தொழுதுட்டு வாங்க, நான் இருக்கேன். இல்ல, போகமாட்டேன். போறதுன்னா இங்க வராமலே இருந்திருப்பேன். மெதுவா வாங்க.

தொழுதாச்சா? நான் தேத்தண்ணி முழுக்கக் குடிச்சிட்டேன். கோழி ஒன்னு உள்ள வந்துச்சு, விரட்டினேன், போகுதே இல்ல, அது உங்க வீட்டுக் கோழியா? அப்ப நான்தான் வெளிய போகணும்.

அன்னைக்கு நடந்ததச் சொல்றேன். நீங்களும் இருந்தீங்கதான், ஆனா என் பக்கத்துல இருந்து நடந்தது உங்களுக்குத் தெரியாது. அன்னைக்கு எங்க வாட்டுக்கு நோயாளிகள எடுக்கிற நாள். காலையில பத்து மணிக்குள்ள பதினேழு பேர் வந்துட்டாங்க. என்னோட இருக்கிற மத்த டொக்டர் தியேட்டர்ல. வாட்டுல நான் தனி. நீங்க ஆட்டோவுல வந்து எறங்கினீங்க, பஸீனா உங்க தோள்ல சாஞ்சு, பாதி நித்திரை மாதிரி. நர்ஸ் மிஸ் உங்களச் சிங்களத்துல என்னமோ கேட்டா. நீங்க முழிச்சீங்க. உடனே அவ என்னையக் காட்டி, தெமள டொக்டர், தெமள டொக்டர்ன்னா. எப்பவும் அப்படித்தான். தமிழ் ஆக்கள் யார் வந்தாலும், எந்த வாட்டுல இருந்தாலும் எனக்குத்தான் கோல். உடப்புல இருந்து வந்தாலும் நான், கல்பிட்டியில இருந்து வந்தாலும் நான். எனக்கு அதுல ஒரு பெருமை இருந்துச்சு உம்மா, பொய் சொல்லல்ல. மத்த டொக்டர்மாருக்கு ஏலாதது எனக்கு ஏலும்ன்னு.

நீங்க என் கையப் பிடிச்சீங்க. அல்ஹம்துலில்லாஹ், எங்கட பாஷை பேசுற புள்ள ஒண்டு கிடைச்சிட்டுன்னு சொன்னீங்க. அது ஞாபகம் இருக்கா? எனக்கு நல்லா இருக்கு.

அஞ்சு நிமிசம்தான் உங்களோட கதைச்சேன். அதுக்குமேல எனக்கு நேரம் இல்ல. பிரஷர் பாத்தேன், கொஞ்சம் கூட. பயத்துல கூடியிருக்கும், பொறகு பாப்போம்ன்னு எழுதினேன். சிறுநீர் அனுப்பச் சொன்னேன். இன்னும் நேரம் இருக்கு, படுக்க வைங்கன்னு மிஸ்ஸுக்குச் சொல்லிட்டு, இரத்தம் போய்க்கிட்டிருந்த இன்னொருத்தியப் பாக்க ஓடினேன். ரெண்டு மணித்தியாலம். ரெண்டு மணித்தியாலம் பஸீனா அந்த ஓரத்துப் பாயில கிடந்தா. பொறகு நீங்க போட்ட சத்தம் எனக்கு லேபர் ரூம் வரைக்கும் கேட்டுச்சு. ஓடி வந்தேன், பஸீனாவுக்குக் கை கால் இழுக்குது. மருந்து போட்டோம், தியேட்டருக்குக் கொண்டு போனோம், புள்ளைய எடுத்தோம். தலைக்குள்ள இரத்தம் கசிஞ்சிருச்சு. பஸீனா கண்ணு முழிக்கவே இல்ல.

வயித்துல புள்ளையோட பிரஷர் கூடி ஃபிட்ஸ் வாற அந்த நோய்க்கு மருந்து இருக்கு உம்மா. அதுதான் கொடுமை. லேசான மருந்து, எந்த ஆஸ்பத்திரியிலயும் அலுமாரியில இருக்கும். ஃபிட்ஸ் ஒருக்கா வந்துட்டுன்னு தெரிஞ்சா, வாசல்லயே குத்திப் போட்டுட்டுத்தான் மத்தக் கேள்வியே கேக்கணும். இது முதல் வருசத்துப் புள்ளைக்கும் தெரியும்.

இப்ப திரும்பவும் நீங்க அதையே சொல்றீங்க. நான் சொல்லியிருந்தா என்ட புள்ள இருந்திருப்பாள்ன்னு. இருங்க உம்மா, கொஞ்சம் பொறுங்க. நான் முடிக்கிறேன்.

பிள்ளைப்பேறுல ஒரு தாய் மௌத்தாப் போனா, நம்ம நாட்டுல சும்மா விடமாட்டாங்க. ஒரு கிழமைக்குள்ள பெரிய பெரிய டொக்டர்மார் வந்து ஒரு மேசையச் சுத்தி இருந்து ஒவ்வொன்னாக் கேப்பாங்க. என்னைய நிக்க வச்சுக் கேட்டாங்க. கொண்டு வந்த ஆக்கள் வீட்டுல ஃபிட்ஸ் வந்ததச் சொன்னாங்களான்னு கேட்டாங்க. இல்ல சேர், சொல்லல்லன்னேன். நீ கேட்டியான்னார். கேட்டேன்னேன். கேக்கல்ல உம்மா. அது பொய். அந்தக் கேள்விய நான் கேக்கல்ல. ஆனா நீங்க சொல்லல்லன்னு சொன்னது பொய்ன்னு எனக்கு அப்ப தெரியாது. அந்த நேரம் நான் அத முழுசா நம்பித்தான் சொன்னேன்.

இருங்க, சொல்றேன்.

அந்தக் கூட்டத்துல இருந்துதான் மிட்வைஃப் மிஸ்ஸுக்குக் கதை போச்சு, அவ வந்து அக்ரமுக்குச் சொன்னா. நீங்க முதல்ல எல்லாருக்கிட்டயும் சொன்னீங்களாமே, நான் டொக்டருக்கிட்ட சொன்னேன், சொன்னேன்னு. யாரும் நம்பல்ல. ஆஸ்பத்திரித் துண்டுல ஃபிட்ஸ்ன்னு ஒரு சொல்லும் இல்லயேன்னாங்க. டொக்டர் எழுதினது பொய்யா, அதுவும் தமிழ் டொக்டர், விளங்காமப் போகுமான்னு. பொறகு நீங்களும் அப்படிச் சொல்றத விட்டுட்டீங்க. எப்ப விட்டீங்க? நோம்பு காலத்துலயா. நாளுக்கு நாள் யோசிச்சுப் பாத்து, பதட்டத்துல மறந்துதான் இருப்பேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. ஏழு மாசமா எல்லாரும் ஒன்னையே சொன்னா யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

நான் அதுக்குப் பொறகு சின்னப் புள்ளைங்க வாட்டுக்கு மாறினேன். அது கொஞ்சம் பரவாயில்ல. அழுகைதான், காது போயிரும், ஆனா புள்ளைங்க லேசுல சுகப்பட்டு எழும்பிரும். காலையில மூக்குச் சளியோட நம்ம பேனையப் பறிக்கும். இரத்தம் எடுக்கப் போனா கடிக்கும். இந்தா பாருங்க, இந்தத் தழும்பு, கல்பிட்டிக் குட்டி ஒன்னு கடிச்சது. நான் அங்க கொஞ்சம் சிரிக்கத் தொடங்கினேன். சோறு திங்கத் தொடங்கினேன். பஸீனாவ மறந்துட்டேன்னு சொல்லமாட்டேன். ஆனா நித்திரை வந்துச்சு.

மூணு கிழமைக்கு முன்ன ஒரு மனுசி வந்தா. உங்க மன்னார் முசலிப் பக்கத்து ஆள்தான், இப்பவும் முகாம் வீட்டுல இருக்கிறவ. ரெண்டு வயசுப் புள்ள, காய்ச்சல் கொதிக்குது, தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வாறா. என்ன நடந்துச்சுன்னு கேட்டேன். வலி வந்திச்சு டொக்டர்ன்னா. எங்க வலின்னேன். முழிச்சா. எங்கயா, வீட்டதான்னா. எனக்குக் கோவம். வீட்ட இல்லம்மா, உடம்புல எந்த இடத்துல வலி, காதுலயா, வயித்துலயான்னேன். எந்த இடமா, உடம்பு பூரா வந்திச்சேன்னா. காய்ச்சல்ல உடம்பு வலி எல்லாருக்கும்தான் இருக்கும், அதுக்கா இப்படி ஓடி வந்தீங்கன்னேன். அவ என்னையப் பைத்தியக்காரியப் பாக்குற மாதிரிப் பாத்தா. பக்கத்துல மக்தலேனா மிஸ் மருந்து கலந்துக்கிட்டிருந்தா, சிலாபத்து ஆள், இருபது வருசமா இங்க வேல செய்றவ. அவளுக்குச் சிரிப்பு அடக்க ஏலல்ல. ஐயோ டொக்டர், இவங்க வலின்னா ஃபிட்ஸ். கை கால் இழுக்கிறது. உங்க வலிக்கு இவங்க நோவுன்னுதான் சொல்லுவாங்க, இவ்வளவு நாளா இது தெரியாதான்னா.

வாட்டே சிரிச்சிச்சு. நானும் சிரிச்சேன். எங்க தோட்டத்துல வலின்னா வலிதான் உம்மா. தலைவலி, பல்லுவலி, புள்ள பெறுற வலி. வேற ஒரு வலி இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல்ல. ஃபிட்ஸுக்கு நாங்க வலிப்புன்னு முழுசாச் சொல்லுவோம், இல்லாட்டி இழுப்புன்னுவோம். சிரிச்சுக்கிட்டே அந்தப் புள்ளைக்கு மருந்து எழுதினேன். எழுதிப் பேனைய மூடினேன். மூடினப்பதான் உங்க மூஞ்சி எனக்கு முன்னால வந்துச்சு.

வேணாம் உம்மா, எழும்பாதீங்க. கேளுங்க.

அன்னைக்கு நீங்களும், வீட்ட வலி வந்திச்சு டொக்டர்ன்னுதான் சொன்னீங்க. எத்தனை தரம்ன்னேன். ரெண்டு. சுபஹுத் தொழுகைக்குப் பொறகு ஒண்டு, ஆட்டோவுல வரக்குள்ள ஒண்டு. ஒவ்வொன்னும் எவ்வளவு நேரம்ன்னேன். ஒரு நிமிசம் இருக்கும்ன்னீங்க. பொறகு என்ன செய்தான்னேன். பொறகு அப்படியே அசந்து படுத்துட்டாள்ன்னீங்க. எல்லாம் சரியா வந்துச்சு உம்மா! புள்ள பெறுற வலி ஒரு நிமிசம்தான் இருக்கும். விட்டு விட்டு வந்தா இன்னும் நேரம் இருக்குன்னு அர்த்தம். வலி விட்டா அசந்து போவாங்க. புத்தகத்துல உள்ள மாதிரியே இருந்துச்சு. நான் எழுதினேன், பேறு வலி, ரெண்டு தரம், அவசரம் இல்லன்னு.

ஒரு சிங்கள டொக்டர் இருந்திருந்தா உங்க பாஷை விளங்கல்லன்னு கையக் கால உதறிக் காட்டிக் கேட்டிருப்பார், இப்படியா, இப்படியான்னு. நீங்க ஓம் ஓம்ன்னு தலைய ஆட்டியிருப்பீங்க. பஸீனா இருந்திருப்பா. எனக்குத்தான் விளங்கிட்டுதே. நான் தமிழ் டொக்டர்தானே.

அடிக்கணும்ன்னா அடிங்க.

மூணு கிழமை எடுத்துச்சு எனக்கு இங்க வர. பெரிய சேருக்குச் சொன்னேன். அவர் கேட்டுட்டு, ஃபைல் கொழும்புக்குப் போய் மூடியாச்சு, நீ சின்னப் புள்ள, உன் வாழ்க்கையப் பாருன்னார். எழுதிக் குடுத்தேன். வாசிக்காமலே மேசை லாச்சிக்குள்ள போட்டு மூடினார். இன்னொரு கொப்பி பதிவுத் தபால்ல கொழும்புக்கு அனுப்பினேன். ஒன்னும் வரல்ல. வராதுன்னு எல்லாரும் சொல்றாங்க. வர்ற திங்கக்கிழமை எனக்கு மொனராகலைக்கு மாத்தம். அங்க தமிழ் ஆக்கள் வாறது குறைவாம். நல்லதுதான்.

அக்ரமுக்கா? அக்ரமுக்குச் சொன்னேன் உம்மா. நேத்து கோல் எடுத்து எல்லாம் சொன்னேன், இப்ப உங்களுக்குச் சொன்ன மாதிரியே, ஒன்னையும் மறைக்கல்ல. கேட்டுக்கிட்டே இருந்தார். பொறகு, இனி என்னத்துக்கு டொக்டர்ன்னார். புள்ளைய ஒருக்காவது உங்களுக்குக் காட்டச் சொல்லிக் கெஞ்சினேன். கெஞ்சுறதெல்லாம் எனக்கு வராது, ஆனா கெஞ்சினேன். புள்ளைக்கு இப்ப வேற உம்மா இருக்கா, அவ மனசக் கலைக்க வேணாம்ன்னார். கட் பண்ணிட்டார். அதுக்குப் பொறகு அந்த நம்பர் வேலை செய்யல்ல.

உங்களுக்குத் தெரியாதா, அவர் இன்னொரு கலியாணம் முடிச்சது? ஐயோ, நான் ஒரு... யாரும் சொல்லல்லயா? நான் நெனச்சேன் தெரியும்ன்னு. இந்த வாய அறுக்கணும்.

நான் உங்களுக்கு ஒன்னும் கொண்டு வரல்ல உம்மா. புள்ளையும் இல்ல, கடிதாசியும் இல்ல. ஜபார் நானாவோட கடையில போய் நின்னு கத்தட்டுமா? கத்துவேன். யாரு கேப்பாங்க. திங்கக்கிழமை நான் போயிருவேன், நீங்க இங்கதான் இருக்கணும்.

என்ன உம்மா? சத்தமாச் சொல்லுங்க, காத்துல கேக்கல்ல.

ஓம். சொன்னீங்க. இல்ல, உங்கள ஆத்துறதுக்காகச் சொல்லல்ல, சத்தியமா. நீங்க மறக்கல்ல. பதட்டத்துலயும் மறக்கல்ல. வாசல்ல வந்த உடனே ஒருக்காச் சொன்னீங்க. பொறகு நான் குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தப்ப, எனக்குக் கேக்கல்லயோன்னு என் கையத் தொட்டு, வலி வந்திச்சு மகள்ன்னு இன்னொருக்காச் சொன்னீங்க. ஓம், ஓம், எழுதிட்டேன்னு நான்தான் உங்க கைய எடுத்து விட்டேன்.